அடிலெய்டில் ஒயின் ருசி, குறிஞ்சிப்பாடியில் அழுகும் முந்திரிப்பழம்: பழ மதுவும் சுற்றுலாவும் தமிழகத்தில் ஏன் ஒட்டவில்லை?

தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்றால் ஒயின் விற்கும் கடை இல்லை. பிராந்தி, விஸ்கி, ரம், பீர் விற்கும் கடை. 2003-இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்த பிறகும் அந்தப் பழைய பெயர் மட்டும் மக்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது. அங்கே போய் நிஜமாகவே ஒயின் கேட்டால் கடைக்காரர் ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட ஊர்களில் இருந்துதான் இன்று பலரும் ஒயின் பிரதேசங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், குறிஞ்சிப்பாடி, வடலூர் பக்கம் இருந்து பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியாவுக்கோ பிரான்சுக்கோ போகிறவர்கள், அங்கே பிள்ளைகள் போடும் சுற்றுலாத் திட்டத்தில் ஒரு நாள் திராட்சைத் தோட்டத்துக்கு என்று இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அடிலெய்டில் இருந்தால் பரோசா, மெல்போர்னில் இருந்தால் யாரா, பாரிசில் இருந்தால் ஷாம்பெய்ன். குடிப்பழக்கமே இல்லாதவர்கள்கூட "ஒரு வாய் ருசி பார்த்தேன், துவர்ப்பா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

துவர்ப்பு என்றதும் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறொரு பழம் நினைவுக்கு வர வேண்டும். மார்ச் தொடங்கி மே வரை குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரத்து முந்திரித் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்த பிறகு குவியல் குவியலாகக் கிடக்குமே, அந்த முந்திரிப்பழம்.

வெளிநாட்டில் பழச்சாறைப் புளிக்கவைத்து அதைச் சுற்றி ஒரு ஊரே பிழைக்கிறது. இங்கே பழம் மண்ணோடு மண்ணாகப் போகிறது. ஏன் என்று பார்த்தால், காரணம் சோம்பேறித்தனமோ யோசனைக் குறைவோ இல்லை. சட்டம், வருமானம், சாவு மூன்றும் இதில் கலந்திருக்கின்றன.

தோட்டக்காரர்கள் ஏன் வருந்தி வருந்திக் கூப்பிடுகிறார்கள்?

முதலில் வெளிநாட்டு நிலவரம். ஒயின் தோட்டச் சுற்றுலா இவ்வளவு பெரிதானதற்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. உலகில் ஒயின் குடிப்பது குறைந்துகொண்டே வருகிறது. சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2024-இல் உலக ஒயின் நுகர்வு சுமார் 21.4 கோடி ஹெக்டோலிட்டர். 1961-க்குப் பிறகு இதுதான் மிகக் குறைவு.

பிரான்சில் நிலைமை இன்னும் மோசம். 2023-இல் விற்காமல் தேங்கிய ஒயினை வடித்துத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான ஆல்கஹாலாக மாற்ற அங்கே 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. போர்தோ பகுதியில் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப் போடவே விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கோ சீனா விதித்த கூடுதல் வரி பெரிய அடி; 2024 மார்ச்சில்தான் அது நீங்கியது.

பாட்டில் விற்காத காலத்தில் ஆட்களைத் தோட்டத்துக்கே வரவழைத்தால் என்ன லாபம்? இடைத்தரகர் இல்லை, கடைக்காரருக்குக் கமிஷன் இல்லை. ருசி பார்க்கக் கட்டணம், மதியச் சாப்பாடு, தங்கும் அறை, கிளம்பும்போது கையில் இரண்டு பாட்டில். விற்பனை விலை முழுதும் தோட்டக்காரருக்கே. போர்தோ நகரம் 2016-இல் ஒயினுக்கென்றே ஒரு பிரம்மாண்டக் காட்சியகத்தைத் திறந்ததும் இந்தக் கணக்கில்தான். அதனால் நெய்வேலியில் இருந்து போகும் அப்பா அம்மாவுக்கு அங்கே கிடைக்கும் உபசாரத்தில் விருந்தோம்பலும் உண்டு, பிழைப்பும் உண்டு.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. ஊற்றித் தரும் ஒவ்வொன்றையும் விழுங்க வேண்டியதில்லை. வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு கிடையாது. ஐந்தாறு ருசிக்குப் பிறகு கார் ஓட்டுவதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் பொதுவான ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 100 மில்லிக்கு 50 மில்லிகிராம். (இந்தியாவில் அது 30.) தெற்கு ஆஸ்திரேலியாவில் கொடிகளுக்கு நடுவே இஷ்டத்துக்கு நடக்கவும் விடமாட்டார்கள். வேரை அரிக்கும் ஃபிலாக்சரா என்ற பூச்சி செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற பயம். அந்த மாநிலம் இதுவரை அந்தப் பூச்சி நுழையாத மாநிலம். அதனால்தான் நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட கொடிகள் அங்கே இன்னும் காய்க்கின்றன.

எல்லா இடத்திலும் கதை இவ்வளவு அழகு என்று நினைத்துவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் 1971-இல் இருந்தே சுற்றுலாப் பயணிகளுக்கென ஒயின் வழித்தடம் வைத்திருக்கும் ஊர். அதே வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளிகளுக்குக் கூலியின் ஒரு பகுதியாக மட்டமான ஒயினையே ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. சட்டம் தடுத்த பிறகும் அது முற்றாக ஒழியப் பல பத்தாண்டுகள் ஆயின. தாயின் வயிற்றிலேயே ஆல்கஹாலால் பாதிக்கப்படும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்த மாகாணமும் ஒன்று. சுற்றுலாக் கையேட்டில் இது இருக்காது.

நம்ம ஊர்ப் பழம் என்ன ஆகிறது?

தமிழகத்தில் முந்திரி என்றால் கடலூர் மாவட்டம்தான் முதலில் நிற்கும். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் முந்திரி ரகங்கள் அங்கே உருவானவை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயல் இந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதுக்கன்று வைத்து, அது காய்ப்புக்கு வரும்வரை காத்திருந்து மீண்ட விவசாயிகள் இவர்கள்.

அவர்களுக்குக் காசு தருவது கொட்டை மட்டும். ஒரு குவிண்டால் கொட்டை எடுத்தால் அதோடு சேர்ந்து ஐந்து முதல் பத்து குவிண்டால் வரை பழம் விழும். அதில் கொஞ்சம் மாடு தின்னும், கொஞ்சம் பிள்ளைகள் உப்புத் தொட்டுச் சாப்பிடும், மீதி அழுகும். ஆரஞ்சைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிற பழம் இது. ஆனாலும் விலை போகாததற்கு இரண்டு காரணம். ஒன்று, டானின் என்ற துவர்ப்புப் பொருள்; தொண்டையைப் பிடிக்கும், கரகரக்கும். (நல்ல சிவப்பு ஒயினில் மெனக்கெட்டுத் தேடி ரசிக்கிற அதே வகைப் பொருள்தான்!) இரண்டு, விழுந்த ஒரே நாளில் பழம் கெட ஆரம்பித்துவிடும். சந்தைக்கு ஏற்றி அனுப்ப நேரமே கிடையாது. தோப்புக்குப் பக்கத்திலேயே பிழிந்தால்தான் உண்டு.

கோவாக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். போர்த்துகீசியர் பிரேசிலில் இருந்து கொண்டுவந்த மரம் அங்கேயும் அதே மரம்தான். பழத்தை மிதித்தோ பிழிந்தோ சாறெடுத்து, புளிக்கவைத்து, ஒருமுறை வடித்தால் உர்ராக். மறுபடி வடித்தால் ஃபெனி. 2009-இல் கோவா முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016-இல் அந்த மாநில அரசு அதைப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. இப்போது சீசனில் வடிசாலையைச் சுற்றிக்காட்டவும் கட்டணம் வாங்குகிறார்கள்.

கேரளம் வேறு வழியில் போனது. பழங்களில் இருந்து குறைந்த ஆல்கஹால் உள்ள ஒயின் தயாரிக்கச் சிறு உற்பத்தியாளர்களுக்கு உரிமம் தரும் விதிகளை 2022-இல் கொண்டுவந்தது. இதில் காய்ச்சி வடிப்பது கிடையாது, புளிக்கவைப்பது மட்டும்தான். மகாராஷ்டிரம் 2001-லேயே திராட்சை ஒயினுக்குத் தனிக் கொள்கை வகுத்து வரிச்சலுகை கொடுத்தது. நாசிக்கில் சுலா நிறுவனம் 2005-இல் ருசி பார்க்கும் அறையைத் திறந்தது. கர்நாடகம் 2007-இல் தன் கொள்கையை அறிவித்தது. குறிஞ்சிப்பாடியில் இருந்து பாஸ்போர்ட் இல்லாமல் ஒயின் தோட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர் பெங்களூருவைத் தாண்டி நந்தி மலைப் பக்கம் தொட்டபள்ளாப்பூர் வரை போனாலே போதும்.

தமிழகத்துக்கு மட்டும் என்ன தடை?

மது மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். யாருக்கு உரிமம், எவ்வளவு வரி என்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் முடிவு. தமிழ்நாட்டில் இன்றும் அடிப்படைச் சட்டத்தின் பெயர் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். அதாவது, மது தடை செய்யப்பட்டது. அரசு விலக்கு அளித்த வழிகளில் மட்டும் அனுமதி. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒரு ஜாடி முந்திரிப்பழச் சாறைப் புளிக்கவைத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது 'ஊறல்'தான்.

கடலூர், அரியலூர் பக்கம் முந்திரிக்காடு என்றாலே மதுவிலக்குப் போலீசுக்கு வேறு அர்த்தம். அடர்ந்த தோப்பு, ஆள் நடமாட்டம் குறைவு, காய்ச்சுவதற்கு வசதி. "ஊறல் அழிப்பு" என்ற செய்தி இந்தப் பக்கத்து நாளிதழ்களுக்குப் புதிதும் இல்லை.

இதற்கு மேல் சாவுகள். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் 65-க்கும் மேற்பட்டோர். கள்ளக்குறிச்சி ஒன்றும் எங்கோ இல்லை, கடலூர் மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய மாவட்டம். அதன் பிறகு சட்டம் திருத்தப்பட்டு, சாவுக்குக் காரணமான கள்ளச்சாராய வழக்குகளில் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. இந்தச் சூழலில் 'பழத்தில் இருந்து மது' என்று எந்த அமைச்சராவது வாயைத் திறப்பாரா?

ஆனால் இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த மக்களைக் கொன்றது புளித்த பழச்சாறு அல்ல. தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். அது உடலுக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்கும். பிறகு உயிரை எடுக்கும். பழம் புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். முறையான உரிமம், சோதனை, லேபிள் இருக்கிற இடத்தில் இந்த ஆபத்து கட்டுக்குள் இருக்கும். ஆகவே 'கள்ளக்குறிச்சி நடந்தது, அதனால் முந்திரி ஒயின் கூடாது' என்பது சரியான வாதமாக நிற்காது.

சரியாக நிற்கும் வாதங்கள் வேறு இருக்கின்றன. 2023-24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் சுமார் 45,855 கோடி ரூபாய். குடியால் கணவனையோ பிள்ளையையோ இழந்த பெண்கள் கடையை மூடச் சொல்லிப் போராடும் மாநிலத்தில் இன்னொரு வகை மதுவுக்கு வாசலைத் திறப்பது எப்படிப் பார்க்கப்படும் என்பது தெரிந்ததுதான். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஒயினும் அதில் அடக்கம். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்து ஊர் வடலூர் வேறு. வள்ளலார் சத்திய ஞான சபை எழுப்பிய மண். அவர் நினைவு நாளில் மாநிலம் முழுக்க மதுக்கடைக்கு விடுமுறை. முந்திரி ஒயின் சுற்றுலாவுக்கு அங்கே பெயர்ப்பலகை வைப்பதைக் கற்பனை செய்து பார்ப்பதே கடினம்.

அரசியல் சிக்கல் ஒன்றும் உண்டு. 1987 முதல் தமிழகத்தில் கள் இறக்கத் தடை. பக்கத்தில் கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை உண்டு. முந்திரி விவசாயிக்கு ஒயின் உரிமம் கொடுத்த மறுநாளே பனை, தென்னை விவசாயிகள் "எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எந்தக் கட்சியிடமும் இல்லை. அதனால்தான் யாரும் முதல் கேள்வியையே எழுப்ப விரும்புவதில்லை போலிருக்கிறது.

கொடுத்தால் மட்டும் விவசாயிக்கு லாபமா?

இதிலும் அவசரப்பட முடியாது. நாசிக்கில் ஒயின் அலை எழுந்தபோது பல விவசாயிகள் சாப்பிடும் திராட்சையை எடுத்துவிட்டு ஒயின் ரகக் கொடி போட்டார்கள். 2008-09 பொருளாதாரச் சரிவில் ஆலைகள் வாங்குவதைக் குறைத்தன. ஒயின் ரகத் திராட்சையைச் சந்தையில் வைத்தும் விற்க முடியாது. பலர் கொடியையே பிடுங்க வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில் சூப்பர்மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை எடுத்த முடிவும் எதிர்ப்பால் கிடப்பில் போனது. ஃபெனிக்கும் சிக்கல்தான்: 'நாட்டுச் சாராயம்' என்ற வகைப்பாடு ஒட்டிக்கொண்டதால் வெளி மாநிலங்களில் விற்பது நெடுங்காலம் சுலபமாக இல்லை.

முந்திரிக்கு ஒரு அனுகூலம் உண்டு, அதை மறுக்க முடியாது. பழத்துக்காக யாரும் புதிதாக மரம் நட வேண்டியதில்லை. கொட்டைக்காக நிற்கும் மரம். பழம் எப்படியும் விழும். நாசிக் விவசாயிக்கு வந்த நஷ்டம் இவர்களுக்கு வராது. கிலோவுக்குச் சில ரூபாய் கிடைத்தாலும் இப்போது கிடைக்கும் பூஜ்யத்தைவிட மேல்.

மது இல்லாத வழியும் திறந்தே இருக்கிறது, அதற்கு முன்னுதாரணமும் உண்டு. தென்னையில் இருந்து புளிக்காத நீரா இறக்க 2017-இல் தமிழக அரசு அனுமதித்தது. கள் என்ற சொல்லைத் தொடாமலேயே அதைச் செய்ய முடிந்தது. முந்திரிப்பழத்திலும் துவர்ப்பை நீக்கிச் சாறு, சிரப், ஜாம் செய்யும் தொழில்நுட்பம் ஆராய்ச்சி நிலையங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது தோப்புக்குப் பக்கத்தில் பிழியும் கூடமும், மூன்று மாத சீசனுக்காக அதில் பணம் போடத் துணியும் ஆளும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் அது ஒயினுக்கும் ஜூசுக்கும் ஏற்றது என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை காணும் பகுதி அது. அங்கேயும் தோட்டத்தைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள்; கொடிக்கு நடுவே படம் எடுத்துக்கொண்டு, ஒரு கிலோ பழமும் கிரேப் ஜூசும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒயினே இந்த மண்ணுக்கு அந்நியம் என்று சொல்வதும் சரியில்லை. குறிஞ்சிப்பாடியில் இருந்து சுமார் 50 கி.மீ. தூரத்தில், புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் பகுதியின் ஆம்போரா ஜாடித் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் பல ஒயின் வந்த ஜாடிகள். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டிய மன்னன் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பேசுகிறது. அப்போதும் அது இறக்குமதிச் சரக்குதான். கப்பலில் வந்தது, அரண்மனைக்குப் போனது.

பாட்டிலோடு ஊர் திரும்புகிறவர்களுக்கு

இப்போது வருகிற சரக்குக்கு வருவோம். வெளிநாட்டில் இருந்து வரும் பயணி ஒருவர் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி ஒயின் பாட்டில் என்றால் இரண்டு. மூன்றாவது வந்தால் அளவு தாண்டிவிடும். மனைவிக்குத் தனிக் கணக்கு உண்டு, ஆனால் இருவர் பங்கையும் ஒரே ஆள் பெட்டியில் வைத்துக்கொண்டு தனியாக வெளியே வரக் கூடாது. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் ஏற்ற விடமாட்டார்கள். விமான நிலையக் கடையில் வாங்கினால் முத்திரை வைத்த பையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறும்போது பிரித்த பை என்றால் பாட்டில் அங்கேயே போச்சு.

'அங்கே விலை குறைவு, நாலைந்து தூக்கிக்கொண்டு வரலாம்' என்ற ஆசையும் இனி மெல்ல மெல்லக் குறையலாம். 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி ஆஸ்திரேலிய ஒயின் மீதான இந்திய இறக்குமதி வரி படிப்படியாக இறங்குகிறது. 5 டாலருக்கு மேற்பட்ட பாட்டிலுக்கு 150 சதவீதமாக இருந்தது உடனே 100 ஆகி, 10 ஆண்டில் 50-க்கு வரும். 15 டாலருக்கு மேற்பட்டதற்கு 75-இல் தொடங்கி 25 வரை. அதன் மேல் மாநில வரி தனி என்பதை மறக்க வேண்டாம்.

சென்னையில் இறங்கிய பிறகு ஊருக்கு வரும் வழியையும் யோசிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரிக்குள் புகுந்துதான் கடலூர் வருகிறது. அங்கிருந்து மது கொண்டுவருவது குற்றம் என்பதால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தித் துழாவுவது வாடிக்கை. பரோசாவில் வாங்கிய பாட்டிலா, பாண்டியில் வாங்கிய பாட்டிலா என்று அந்த இருட்டில் காவலருக்கு எப்படித் தெரியும்? வாங்கிய ரசீது, போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். அல்லது விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, வடலூர் வழியாக வந்துவிடலாம். ஏப்ரல், மே மாதமாக இருந்தால் அந்தச் சாலையின் இருபக்கத் தோப்புகளிலும் பழம் விழுந்து கிடக்கும்; கண்ணாடியை இறக்கினால் புளித்த வாடை வண்டிக்குள் வரும்.